தமிழ் வாக்கியத்தில் கண் எங்கே நிற்கிறது: ஐ டிராக்கர் சோதனை ஒன்றை அமைக்கும் முறை

படிக்கும்போது கண் வரியின்மேல் சீராக நகர்வதில்லை. ஓரிடத்தில் நிற்கிறது, தாவுகிறது, மறுபடி நிற்கிறது. 1870களின் இறுதியில் பாரிசில் கண் மருத்துவர் எமீல் ஜவாலின் ஆய்வகத்தில் இது பதிவாயிற்று. ஆங்கிலம் படிக்கும் பெரியவர்களிடம் ஒரு நிற்பு சராசரியாக 200 முதல் 250 மில்லிசெகண்ட். ஒரு தாவலுக்கு 20 முதல் 40 மில்லிசெகண்ட் ஆகிறது, அதற்குள் கண் 7 முதல் 9 எழுத்து கடக்கிறது. தாவல்களில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கிப் போகின்றன. தாவும் நேரத்தில் எழுத்து எதுவும் உள்ளே போவதில்லை. படிப்பு நடப்பதெல்லாம் நிற்பில்தான்.

வாக்கியத்தின் அமைப்பை மனம் எப்படிக் கட்டுகிறது என்பதை இந்த நிற்புகளிலிருந்தே எடுக்க முடியும் என்று 1982இல் வாசிப்பு ஆய்வாளர்கள் லின் ஃப்ரேசியரும் கீத் ரேனரும் காட்டினார்கள். அவர்கள் கொடுத்த ஆங்கில வாக்கியம் ஒன்றில் 'ஓடுகிறான்' என்ற வினையை அடுத்து 'ஒரு மைல்' வருகிறது. அதை ஓடும் தூரமாகவே வாசகர் எடுத்துக்கொள்கிறார். அடுத்து வரும் வினையோ, 'ஒரு மைல்' என்பது புதிய வாக்கியத்தின் எழுவாய் என்று காட்டிவிடுகிறது. அந்த இடத்தில் நிற்புகள் நீண்டன, கண் முன்பகுதிக்குத் திரும்பியது. வாசகர் முழுவதையும் படித்துவிட்டு முடிவெடுக்கவில்லை. வந்த சொல்லை வந்த இடத்திலேயே பொருத்திவிட்டார், தவறு தெரிந்ததும் பிரித்துக் கட்டினார்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. அதுவரை வாசகர் காத்திருக்கிறாரா, முன்னதாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டு போகிறாரா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. இந்திக்கு அலகாபாத், பாட்ஸ்டாம் ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கிய கண்ணசைவுத் தரவுத்தொகுப்பு 2015இல் வெளிவந்தது. தமிழில் இதைச் செய்ய விரும்புகிறவருக்கு ஆங்கில ஆய்வகங்களின் செய்முறை அப்படியே உதவாது. நம் எழுத்தின் அகலம், சந்தி, விகுதி எல்லாமே வேறு. கண் எந்தச் சொல்லின்மேல் நின்றது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால்தான் மற்ற எல்லாக் கணக்கும் நிற்கும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

கருவியும் தூரமும்

இங்கே எடுத்துக்கொள்வது கனடாவின் எஸ்.ஆர். ரிசர்ச் தயாரிக்கும் ஐலிங்க் 1000 பிளஸ் என்ற ஐ டிராக்கர், அதாவது கண்ணசைவைப் பதியும் கருவி. தாடைத்தாங்கியோடு, ஒரு கண் மட்டும், விநாடிக்கு 1000 மாதிரி. இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் படிக்கிறார்கள், ஆனால் பதிவுக்கு ஒன்று போதும். வழக்கமாக வலது கண். அகச்சிவப்பு விளக்கு கண்ணில் படும்போது கேமரா இரண்டைத் தேடுகிறது: கண்மணியின் நடுவும், விழிமேல் தெறிக்கும் சிறு ஒளிப்புள்ளியும். இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறுவதை வைத்துத்தான் பார்வை எங்கே விழுகிறது என்று கணக்கிடுகிறது. கரும்பழுப்பு விழி இதற்கு இடைஞ்சலே இல்லை. அகச்சிவப்பில் அது வெளிறித் தெரிவதால் கண்மணி நன்றாகவே பிரிந்து நிற்கும்.

24 அங்குலத் திரையின் அகலம் 53.1 செ.மீ. கண்ணிலிருந்து திரைக்கு உள்ள தூரம் அகலத்தைப்போல் 1.75 மடங்காவது இருக்க வேண்டும், அதாவது 93 செ.மீ. கேமரா கண்ணிலிருந்து 50 முதல் 55 செ.மீ. தள்ளி, திரையின் கீழ்விளிம்பை மறைக்காமல் அதற்குச் சற்றே கீழே. 1920 பிக்சல் அகலத் திரையில் இந்தத் தூரத்தில் பார்வைக் கோணத்தின் ஒரு பாகை ஏறக்குறைய 59 பிக்சல். இந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாம், வேலை முழுவதும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். கருவியின் பிழை அரைப் பாகை என்றால் 30 பிக்சல். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை 36 பிக்சலில் வைத்தால் ககரம் போன்ற எழுத்தின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே நல்ல கேலிபரேஷனிலும் (திரையில் சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி, அந்த ஆளின் கண்ணுக்குக் கருவியைப் பொருத்துவதிலும்) ஓர் எழுத்துக்குப் பிழை இருக்கும். எந்த எழுத்தில் நின்றது என்று தமிழில் சொல்ல முயல வேண்டாம். எந்தச் சொல்லில் என்று சொல்லலாம்.

வெப்கேம் வைத்துச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதன் பிழை சில பாகைகள். மூன்று பாகை என்றாலே 177 பிக்சல், ஒரு முழுச் சொல் அதில் போய்விடும். படத்தில் இடப்பக்கம் பார்த்தாரா வலப்பக்கம் பார்த்தாரா என்பதற்கு அது போதும், வாக்கிய ஆய்வுக்குப் போதாது. பணம் இல்லையென்றால், பட்டனை அழுத்த அழுத்த ஒவ்வொரு சொல்லாகத் தோன்றும் முறையே நேர்மையான மாற்று. அதில் பின்தாவல் கிடைக்காது, மற்றபடி நல்ல முறை. மாணவர்களுக்குத் தாவலை நேரில் காட்ட மட்டும் என்றால், விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கைபேசியின் ஸ்லோமோஷன் போதும். கண்ணுக்கு அருகில் வைத்து எடுத்து, ஒரு வரிக்கு எத்தனை நிற்பு என்று எண்ணச் சொல்லலாம். ஒரு ஃபிரேம் 4.2 மில்லிசெகண்ட், ஆகவே நிற்பின் நீளமும் ஓரளவு தெரியும்.

எழுத்தைப் படமாக்குவது

தமிழ்ச் சோதனைகள் அதிகம் கெடும் இடம் இது. சோதனை மென்பொருள் பலவற்றில் தமிழை நேரடியாக ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகும், 'கொ' மூன்று துண்டாக உடையும். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்கூட்டியே படமாக்கி, திரையில் படத்தையே காட்டுவது நல்லது. பைத்தானின் பில்லோ நூலகம் போதும், ஆனால் அதில் ராக்ம் என்ற எழுத்தடுக்கு இயந்திரம் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் சோதிக்கவும். இல்லையென்றால் எந்த எச்சரிக்கையும் தராமல் உடைந்த எழுத்தையே வரைந்து கொடுத்துவிடும். எல்லாப் படங்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

சொல்லின் எல்லையை மௌஸால் வரையக் கூடாது. வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு இடைவெளி வரையிலும் உள்ள பகுதியின் அகலத்தை அதே நூலகத்திடம் கேட்டால் பிக்சல் கணக்கில் சொல்லும். அந்த எண்களை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டால் எல்லைகள் தாமாகவே கிடைத்துவிடும். இடைவெளியை அடுத்து வரும் சொல்லோடு சேர்ப்பதே வழக்கம், ஏனென்றால் இடைவெளியில் விழுந்த கண் பெரும்பாலும் அடுத்த சொல்லைக் குறிவைத்து முன்னாலேயே இறங்கியது. மேலும் கீழும் எல்லையை ஒரு பாகைக்கு மேல் தாராளமாக விடலாம். ஒரே வரி, திரையின் நடு உயரத்தில், 1600 பிக்சலுக்குள். இரண்டாம் வரிக்குப் போனால் வரி மாறும் நீண்ட தாவலும் செங்குத்துப் பிழையும் சேர்ந்து வேலையை இரட்டிப்பாக்கும்.

எழுத்து எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். கணினி எண்ணுவது யூனிகோடு குறிகளை. 'கொண்டு' அதற்கு 6, நமக்கு 3. அதோடு 'கொ' என்பதன் உயிர்க்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு துண்டாகவும் இருக்கலாம், திரையில் வித்தியாசம் தெரியாது. முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டு, பிறகு எழுத்துக் கொத்தாக எண்ணவும். எண்ணிக்கை சமமாக இருந்தாலும் அகலம் சமமாகாது: 'காவலர்', 'தெருவில்' இரண்டும் நான்கு எழுத்து, கொம்பு இருப்பதால் இரண்டாவது அகலம் கூடியது. சொல்லின் நீளம் நிற்பையும் தாவலையும் பாதிக்கும் என்பதால் பிக்சல் அகலத்தையும் பதிவுசெய்து, பிறகு கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாக்கியங்கள்

ஓர் இணை இப்படி இருக்கலாம்.

அ. காவலர் வண்டியை நிறுத்திய இளைஞரை அன்றிரவே விசாரித்து வீட்டுக்கு அனுப்பினார்.

ஆ. தெருவில் வண்டியை நிறுத்திய இளைஞரை அன்றிரவே விசாரித்துக் காவலர் அனுப்பினார்.

முதல் வாக்கியத்தில் 'காவலர் வண்டியை நிறுத்திய' என்பதுவரை படித்தவர் நிறுத்தியவர் காவலர் என்றே எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அடுத்து 'செய்தி' என்றோ 'இடத்தில்' என்றோ வந்தால் அந்தக் கணிப்பு சரியாகவே இருக்கும். 'இளைஞரை' என்று வந்ததும் நிறுத்தியவர் இளைஞர் ஆகிறார், காவலர் வெளியே வந்து கடைசி வினைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் வாக்கியத்தில் அந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. இரண்டிலும் 2 முதல் 5 வரை உள்ள சொற்கள் ஒரே சொற்கள், ஒரே வரிசை. ஒப்பிடப்போவது 4ஆம் சொல்லையும் 5ஆம் சொல்லையும் மட்டும். வாக்கியத்தின் முதல் சொல்லிலும் கடைசிச் சொல்லிலும் அளவெடுக்கக் கூடாது. முதலில் கண் இன்னும் இறங்கியிருக்காது, கடைசியில் வாக்கியத்தை முடித்துத் தொகுக்கும் நேரம் கலந்துவிடும்.

இணை தயாரானதும் வேறு ஆட்களிடம் 'காவலர் வண்டியை நிறுத்தினார்', 'இளைஞர் வண்டியை நிறுத்தினார்' என்று தனித்தனியாகக் கொடுத்து, இயல்பானதா என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். முதல் வாக்கியம் நம்பும்படி இல்லையென்றால் வாசகர் தவறான வழியில் நுழையவே மாட்டார், சோதனை ஒன்றும் காட்டாது. ஆசிரியர் புத்தகத்தைக் கிழித்ததாக வரும் இணையைவிட, காவலர் வண்டியை நிறுத்தியதாக வருவது நல்லதற்குக் காரணம் இதுதான்.

சந்தி தமிழுக்கே உரிய சிக்கல். 'புத்தகத்தைக்' என்று முடிந்தால் அடுத்த சொல் ககரத்தில் தொடங்கும் என்பது அந்தச் சொல்லுக்குக் கண் போகும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கண் நிற்கும் இடத்துக்கு வலப்பக்கம் 14, 15 எழுத்துவரை தகவல் கிடைக்கிறது என்று ஜார்ஜ் மெக்கான்கியும் ரேனரும் 1975இல், கண் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் எழுத்தைத் தெளிவாகக் காட்டும் நகரும் சாளர முறையால் அளந்தார்கள். இங்கேயோ நிற்கும் சொல்லுக்குள்ளேயே அடுத்த சொல்லின் தலையெழுத்து எழுதி வைத்திருக்கிறது. தமிழ் வாசகர் இதைப் பயன்படுத்துகிறாரா என்பதே தனி ஆய்வுக்குரிய அருமையான கேள்வி. அதை ஆராய்வது நோக்கமில்லை என்றால், ஆய்வுச் சொல்லுக்கு முன்னால் ஒற்று மிகாத சொல்லாக வைத்துவிடவும். மேலே உள்ள இணையில் 'வண்டியை', 'நிறுத்திய' இரண்டும் அப்படித் தேர்ந்தவை. கண் எல்லையைத் தாண்டும்போது சொல்லை மாற்றிக் காட்டும் சோதனையில் இது இன்னும் முக்கியம்: முன்காட்சியின் (மாறும் முன் அங்கே தெரிந்த சொல்லின்) முதலெழுத்து வேறானால் முந்தைய சொல்லின் சந்தி பிழையாகிவிடும், வாசகர் தடுமாறுவது எதனால் என்று சொல்ல முடியாது. அந்தச் சோதனைக்கு 60 ஹெர்ட்ஸ் திரையும் ஆகாது. ஒரு ஃபிரேமே 16.7 மில்லிசெகண்ட், தாவல் முடிந்த பிறகு மாற்றம் கண்ணில் பட்டுவிடும். 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல்.

சொல் எவ்வளவு புழங்குவது என்று தரவுத்தொகுப்பில் எண்ணும்போதும் ஈற்று ஒற்றை நீக்கிவிட்டு எண்ணவும். இல்லையென்றால் 'புத்தகத்தை', 'புத்தகத்தைக்', 'புத்தகத்தைப்' எல்லாம் வெவ்வேறு அரிய சொற்களாகிவிடும்.

எத்தனை வேண்டும்? எதிர்வினை நேரம் அளக்கும் சோதனைகளுக்கு ஒரு நிலைக்கு (இங்கே அ, ஆ என்ற ஒவ்வொரு வகைக்கும்) 1600 அளவுகளாவது வேண்டும் என்று பிரைஸ்பேர்ட், ஸ்டீவன்ஸ் இருவரும் 2018இல் பரிந்துரைத்தார்கள். 40 இணை, 80 பேர், ஒருவருக்கு ஓர் இணையில் ஒன்று மட்டும். ஒருவர் அ வகையில் 20, ஆ வகையில் 20 படிப்பார், 80 பேருக்கு 1600 சரியாக வந்துவிடும். இவற்றோடு வேறு அமைப்புள்ள 60 வாக்கியங்களைக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்தாம் வாக்கியத்திலேயே உத்தி பிடிபட்டுவிடும். மூன்றில் ஒன்றுக்குப் பின் ஒரு கேள்வி. 'வண்டியை நிறுத்தியவர் யார்?' என்பது போன்ற கேள்வி சிலவற்றில் இருப்பது நல்லது, ஏனெனில் திரும்பிப் போய்ப் படித்த பிறகும் முதலில் கொண்ட தவறான பொருள் தங்கிவிடுகிறது என்று கிறிஸ்டியன்சன் குழு 2001இல் காட்டியிருக்கிறது. எல்லாவற்றிலும் அதையே கேட்டால் வாசிப்பே மாறிவிடும்.

ஆளை உட்கார வைப்பது

ஆங்கில வழியில் படித்தவர்களிடம் தமிழ் வாசிப்பு வேகம் மிகவும் வேறுபடும். முதலில் ஒரு நிமிடம் உரக்கப் படிக்கச் சொல்லி, சரியாகப் படித்த சொற்களை எண்ணிக் குறித்துக்கொள்ளவும்.

கண்மை இட்டு வந்தால் துடைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். அழைப்புச் செய்தியிலேயே இதைச் சொல்லிவிடுவது மரியாதை. இமையோரக் கருமையைக் கருவி கண்மணி என்று பிடித்துக்கொள்ளும், பார்வை திடீரென்று கீழே குதித்ததுபோல் பதிவாகும். மூக்குக்கண்ணாடியில் விளக்கு தெறித்து ஒளிப்புள்ளியோடு குழம்பினால், கேமராவைச் சற்று இடமோ வலமோ நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். இரட்டைப் பவர் கண்ணாடி போட்டவர்களை இந்தச் சோதனைக்கு எடுக்காமல் இருப்பதே மேல். சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறைய உண்டு, ஜன்னலுக்குத் தடித்த திரை போடவும். ஏசி காற்று நேராக முகத்தில் பட்டால் கண் உலர்ந்து இமைத்தல் கூடும். வாக்கியத்தைக் காட்டும் கணினி, கண்ணைப் பதியும் கணினி இரண்டுக்கும் யூபிஎஸ் கட்டாயம்.

எவ்வளவு கருமையைக் கண்மணியாக எடுப்பது என்று கருவி காட்டும் வரம்பு எண் 75க்கும் 110க்கும் இடையில் இருந்தால் படம் நன்றாக இருக்கிறது என்று பொருள். கேலிபரேஷன் 9 புள்ளியில், சராசரிப் பிழை 0.5 பாகைக்குள், எந்த ஒரு புள்ளியிலும் 1 பாகைக்குள். வாக்கியம் ஓடும் நடுவரிசையின் மூன்று புள்ளிகளும் 0.5ஐத் தாண்டினால் சராசரி நன்றாக இருந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். கேலிபரேஷன் திரையின் பின்னணி நிறமும் வாக்கியத்தின் பின்னணி நிறமும் ஒன்றாக இருக்கட்டும், வெளிர்சாம்பல் நல்லது. ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை என்றால் கண்மணி சுருங்கி விரியும்போது அதன் நடுவே நகர்ந்து, பதிவு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் முதல் எழுத்து வரப்போகும் இடத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, கண் அங்கே நின்ற பிறகே வாக்கியம் வரட்டும். வராமல் அடிக்கடி தங்கினால் தலை நகர்ந்திருக்கிறது, கேலிபரேஷனைப் புதிதாகச் செய்யவும். கேள்விக்கு விடை பட்டனில், வாயால் அல்ல. பேசினால் தாடை ஆடும்.

ஒரு தடத்தைக் கையால் கணக்கிடுவது

மென்பொருள் எல்லாம் செய்யும். ஆனாலும் ஒரு வாக்கியத்தையாவது கையால் போட்டுப் பார்க்காதவருக்கு அளவுகள் புரியாது. கணக்குக்காக மட்டும் ஒரு மாதிரித் தடம், அ வாக்கியத்தில்: காவலர் 228, வண்டியை 241, நிறுத்திய 214, மறுபடி நிறுத்திய 163, இளைஞரை 265, காவலர் 198, நிறுத்திய 176, இளைஞரை 231, அன்றிரவே 220. எல்லாம் மில்லிசெகண்ட்.

'இளைஞரை' என்பதில் முதல் நிற்பு 265. அங்கிருந்து வெளியேறும் முன் வேறு நிற்பு இல்லை, ஆகவே முதல் பார்வை நேரமும் 265. 'நிறுத்திய' என்பதற்கு இரண்டு நிற்பு, முதல் பார்வை நேரம் 377. இனி கடப்பு நேரம்: ஒரு சொல்லில் முதன்முதல் நின்றதிலிருந்து அதைத் தாண்டி வலப்பக்கம் போகும் வரை எங்கெங்கே நின்றாலும் அத்தனையும். 'இளைஞரை'க்கு 265, 198, 176, 231, கூட்டினால் 870. அதே சொல்லின் மொத்த நேரமோ 265உம் 231உம் சேர்ந்து 496 மட்டும்.

முதல் பார்வை நேரம் மட்டும் பார்த்திருந்தால் இந்தத் தடத்தில் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். 870 என்ற எண்தான் கண் சிக்கலைக் கண்டு திரும்பிப் போய், காவலரையும் வினையையும் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்கிறது. அரிய சொல் என்றால் முதல் நிற்பே நீளும். அமைப்புச் சிக்கல் என்றால் பெரும்பாலும் பின்தாவலிலும் கடப்பு நேரத்திலும் தெரியும். இது கட்டாய விதி இல்லை, ஆனால் எந்த அளவை எதற்குப் பார்ப்பது என்று முடிவெடுக்க நல்ல வழிகாட்டி.

துப்புரவும் கணக்கும்

80 மில்லிசெகண்டுக்குக் குறைந்த நிற்பு அரைப் பாகைக்குள் இன்னொரு நிற்பின் அருகில் இருந்தால் இரண்டையும் சேர்க்கவும், தனியாக இருந்தால் நீக்கவும். 800க்கு மேற்பட்டவை பெரும்பாலும் கவனம் சிதறியவை அல்லது பதிவுக் கோளாறு. ஆய்வுச் சொல்லின்மேல் இமைத்திருந்தால் அந்த வாக்கியத்தையே விடவும். கண் நிற்காமல் தாண்டிய சொல்லுக்குப் பார்வை நேரம் 0 அல்ல, காலி. இதில் 0 போட்டுவிட்டால் சராசரி கீழே இறங்கி முடிவே தலைகீழாகலாம். தாண்டியதா இல்லையா என்பதைத் தனி அளவாக வைக்கவும். நிற்புகள் மொத்தமாக மேலேயோ கீழேயோ நகர்ந்திருந்தால் முழுத் தொகுதியையும் செங்குத்தாக நகர்த்தலாம். பக்கவாட்டில் ஒருபோதும் கையால் நகர்த்தக் கூடாது, எந்தச் சொல் என்பதையே அது மாற்றிவிடும். திருத்துகிறவருக்கு எந்த வாக்கியம் எந்த வகை என்று தெரியாமல் இருப்பது அவசியம்.

கணக்குக்கு, புள்ளியியலுக்கான ஆர் மொழியில் எல்எம்இ4 என்ற தொகுப்பு. நேரங்களை மடக்கையாக்கி, ஆளுக்கு ஆள், வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் வேறுபாடும் கணக்கில் சேரும்படி ஆளையும் வாக்கியத்தையும் சீரற்ற காரணிகளாக வைக்கவும். பின்தாவல் உண்டா இல்லையா என்பதற்கு லாஜிஸ்டிக் மாதிரி. ஆறு அளவையும் இரண்டு சொல்லிலும் சோதித்துப் பார்த்துவிட்டு, வந்ததை எழுதும் பழக்கம் இந்தத் துறையில் நிறையத் தவறான கண்டுபிடிப்புகளுக்கு இடம்கொடுக்கிறது என்று ஃபான் டேர் மால்ஸ்பர்க், ஆங்கலே இருவரும் 2017இல் விரிவாகக் காட்டினார்கள். ஆகவே தரவு எடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளவும்: 'இளைஞரை' என்பதில் கடப்பு நேரம், அதிலிருந்து புறப்படும் பின்தாவல், 'அன்றிரவே' என்பதில் முதல் பார்வை நேரம். இந்த மூன்று போதும், மூன்றுக்கும் சேர்த்து, விளைவு உண்டு என்று ஏற்கும் புள்ளியியல் வரம்பைக் கடுமையாக்கவும்.

விளைவு 4இல் இல்லாமல் 5இல் தெரிந்தால் சோதனை தோற்றதாக நினைக்க வேண்டாம். மனம் சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த சொல்லுக்கு நகர்ந்துவிடுவது வாசிப்பில் அன்றாடம் நடப்பது. இரண்டு வாக்கியத்திலும் 5ஆம் இடத்தில் ஒரே சொல்லை வைத்ததே அதைப் பிடிக்கத்தான். பின்தாவல்களை எண்ணும்போது அவை எங்கே இறங்கின என்பதையும் தனி நிரலில் குறிக்கவும். 1ஆம் சொல்லில் இறங்கினால் எழுவாயைத் தேடிப் போயிருக்கிறார். 3ஆம் சொல்லிலேயே நின்றுவிட்டால் பெயரெச்சத்தை மட்டும் மறுபடி பார்த்திருக்கிறார், அது முந்தைய சொல்லைச் சரிபார்க்கும் சாதாரணக் குட்டித் தாவலாகவும் இருக்கலாம். ஆ வாக்கியத்திலும் அதே குட்டித் தாவல்கள் வரும். அந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகு மிஞ்சுவதை மட்டும் அமைப்புச் சிக்கலின் கணக்கில் எழுதலாம்.